பனித்தீவுக்கு ஓர் ஆற்றுப்படை



பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த எவருக்கும் ஆற்றுப்படை என்ற சொல் புதிதன்று. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிரே வருபவனைக் கண்டு, இன்ன வழியாற் போனால் இன்னாரைக் காண்பாய் என்று வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டிலே சரிபாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகளே. அவற்றுள் மலைபடுகடாம் எனப்படும் கூத்தராற்றுப்படையைக் கற்பிக்கும்போதெல்லாம் ஒரு செய்தி என்னை நின்று யோசிக்க வைக்கும். நன்னனுடைய மலைநாட்டுக்கு வழி சொல்லும் புலவர் அந்நாட்டின் அழகை மட்டும் சொல்லி அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே உள்ளன, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்கள் எங்கே வந்து விழும், கால் வழுக்கும் இடம் எது, பாம்பு உறையும் இடம் எது என்றெல்லாம் எச்சரிக்கை செய்கிறார். வழிகாட்டுதலிற் பாதி, அங்கே கால் வையாதே என்று தடுப்பதுதான் என்பது சங்கப் புலவருக்கு நன்கு தெரிந்திருந்தது.

இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட நாடு நன்னனுடைய நாட்டுக்கு வெகுதூரத்தில் உள்ளது. வட அத்திலாந்திக் சமுத்திரத்திலே, வடதுருவ வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே கிடக்கும் ஐஸ்லாந்துதான் அது. பரப்பிலே நமது இலங்கையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. குடிசனமோ நான்கு இலட்சத்துக்கும் குறைவு. அந்நாட்டுக்குப் பத்து நாட் பயணமொன்றைத் திட்டமிடும் வேலையிலே நான் கடந்த சில மாதங்களாக ஈடுபட்டிருக்கிறேன். இன்னமும் போகவில்லை. போய் வந்த கதையைச் சொல்பவர் பலர் உளர். போகுமுன் செய்யும் ஆயத்தத்திலும் சொல்வதற்கு விடயமுண்டு என்றே நினைக்கிறேன்.

இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியனின் சம்பளத்துக்குள் அடங்கும் பயணமன்று இது. நோர்வேயில் வாழும் என் தமையனார்தான் செலவை ஏற்கிறார். 1995ஆம் ஆண்டிலே, இருபத்திரண்டு வயதில் அவர் ஊரைவிட்டுப் போனார். பதினேழு வயதான நான் பெற்றோருடன் நின்றேன். அதன்பின் நல்லது கெட்டதுக்கு அவர் வந்து போனதுண்டு. ஆனால் நாம் இருவரும் ஆறுதலாக இருந்து பேசிய நாட்களை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

"தம்பி, ஊருக்கு நான் வந்தால் சொந்தக்காரரைப் பாக்கிறதிலையே நாள் போயிடும். நீ இஞ்சை வந்தால் நான் வேலைக்குப் போயிடுவன். ரெண்டு பேருக்கும் பழக்கமில்லாத ஒரு இடத்திலை பத்து நாள் இருப்பம்" என்றார் தொலைபேசியில்.

"அதுக்கு ஏன் அண்ணை ஐஸ்லாந்து?" என்று கேட்டேன்.

"அதுவும் இஞ்சையிருந்து வள்ளமேறிப் போன சனந்தான்" என்றார்.

அவர் சொன்னதற்கு ஆதாரமுண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, பெரும்பாலும் நோர்வேயிலிருந்து கடல் கடந்து போனவர்களே ஐஸ்லாந்திலே குடியேறினார்கள். 874ஆம் ஆண்டிலே இங்கொல்வூர் ஆர்னார்சன் என்பவர் முதலிற் குடியேறினார் என்பது அந்நாட்டு மரபு. ஹரால்ட் என்னும் நோர்வே மன்னனின் ஆட்சிக்குப் பணிய மறுத்தோர் பலர் நிலபுலங்களை விட்டுக் கப்பலேறினர் என்று 'சாகா' எனப்படும் அவர்களுடைய பழைய உரைநடைக் கதைகள் கூறுகின்றன. இன்று ஏதிலிகளாய் நோர்வேக்குப் போய் வாழ்வோரின் பிள்ளைகள் படிக்கும் சரித்திரப் பாடத்திலே, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அதே கரையிலிருந்து வெளியேறிப் போனவர்களின் கதையும் இருக்கிறது.

சரி, போவதென்று தீர்மானித்தாயிற்று. திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? எனக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான்: முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மாந்தர், தொழில், விலங்கு, பறவை, உணவு ஆகியன கருப்பொருள். இவையெல்லாவற்றுக்கும் உயிராய் நிற்கும் மனநிலை உரிப்பொருள். தமையனார் சிரித்தார். எனினும் இந்த ஒழுங்கு எமக்கு நன்றாகவே உதவியது.

முதலில் நிலம். ஐஸ்லாந்து, அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே ஓடும் நீண்ட மலைத்தொடர் கடலுக்கு மேலே தலைகாட்டும் இடம். வட அமெரிக்கப் புவித்தட்டும் யூரேசியப் புவித்தட்டும் அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் வீதம் விலகிப் போகின்றன. விலகும் இடைவெளியிலே பாறைக்குழம்பு மேலெழுகிறது. அந்த நெருப்புக்கு மேலே, நாட்டின் பத்திலொரு பங்கை மூடிப் பனிக்கட்டி கிடக்கிறது. வட்னயோக்குல் என்னும் பனிப்படலம் ஒன்றே 7,000 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். பனிக்குக் கீழே எரிமலை கக்கும்போது பனி உருகிப் பெருவெள்ளமாய் இறங்கும். 1996ஆம் ஆண்டிலே அப்படி இறங்கிய வெள்ளம் தென்கரைப் பெருவீதியின் பாலங்களை அடித்துச் சென்றது. முறுகிய இரும்பு விட்டங்கள் இரண்டை வீதியோரத்தில் இன்றும் நினைவுச் சின்னமாக விட்டிருக்கிறார்கள்.

அந்த வீதியின் கதையே திட்டமிடுவோருக்கு ஒரு பாடம். தீவைச் சுற்றியோடும் முதலாம் இலக்க வீதி ஏறத்தாழ 1,320 கிலோமீற்றர் நீளமானது. பனிக்கட்டியாறுகளின் மணல்வெளிகளிலே பாலங்கள் அமைத்து அந்த வட்டத்தைப் பூட்ட 1974ஆம் ஆண்டுவரை ஆயிற்று. வட்டம் முழுவதையும் ஆறு நாளில் ஓடி முடிக்கலாம் என்பது தமையனாரின் முதற்கணக்கு. ஓடலாம்; ஆனால் பார்ப்பது வாகனக் கண்ணாடியை மாத்திரந்தான். ஆறு நாள்தான் கிடைக்குமானால் தென்கரையோடு நின்றுவிடுவது நல்லது. வட்டம் முழுவதும் வேண்டுமானால் பத்து நாள் வேண்டும். பத்து நாள் என்று முடிவாயிற்று. அந்தப் பத்திலும் ஒரு நாளை வெறுமையாக விடவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

அடுத்தது பொழுது. ஜூன் மாதத்திலே தலைநகரான றெய்க்யவிக்கில் சூரியன் நள்ளிரவை அண்டி மறைந்து, மூன்று மணியளவில் மறுபடி எழுந்துவிடும். இரவென்று சொல்லத்தக்க இருள் கிடையாது. டிசம்பரிலோ பகல் வெளிச்சம் நான்கு மணித்தியாலந்தான். வானத்திலே பச்சையும் ஊதாவுமாய் அசையும் துருவ ஒளியைக் காண இருள் வேண்டும். ஆதலால் அது ஓகஸ்ட் கடைசி தொடக்கம் ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் உரியது. நள்ளிரவு வெளிச்சம், துருவ ஒளி இரண்டையும் ஒரே பயணத்தில் காணலாமென்று ஆசைப்படுவோர் முதலில் இந்த ஆசையை விடவேண்டும். நாட்டின் நடுவேயுள்ள மேட்டுநிலத்துக்குப் போகும் கரடுமுரடான பாதைகள் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான் திறக்கும். பஃபின் எனப்படும், செந்நிற அலகுடைய கடற்பறவைகள் மே முதல் ஓகஸ்ட் நடுப்பகுதி வரை கரையோரப் பாறைகளில் வாழும். பின்னர் கடலுக்குப் போய்விடும். இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்து, எனது பாடசாலை விடுமுறையையும் எண்ணி, ஓகஸ்ட் முற்பகுதியைத் தெரிந்தோம். அப்போது இரவு பத்து மணிக்கும் வெளிச்சமுண்டு. பகலிலே 10 முதல் 15 பாகை செல்சியஸ். நமக்கு அதுவே கடுங்குளிர். அதிலும் காற்றும் மழையும் சொல்லாமல் வரும். குடை அங்கே பயன்படாது. காற்றுப் புகாத மேலங்கிதான் வேண்டும்.

பொழுதோடு சேர்ந்த இன்னொரு கருமம் கடதாசி வேலை. தமையனார் நோர்வேக் குடியுரிமை உடையவர், அவருக்குத் தடையில்லை. எனது கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஐஸ்லாந்து 2001ஆம் ஆண்டு முதல் அந்த ஏற்பாட்டினுள் இயங்குகிறது. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி கட்டாயம். எந்த நாட்டிலே கூடுதலான நாட்கள் தங்குவோமோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்கவேண்டும் என்பதையும் கவனிக்கவேண்டும்.

இனிக் கருப்பொருள். அந்நாட்டு மாந்தரைப் பற்றி வாசித்தபோது நான் முதலில் மகிழ்ந்தது அவர்களுடைய பெயர்களைக் கண்டுதான். அவர்களிற் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரோடு மகனுக்கு 'சொன்' என்றும் மகளுக்கு 'டோட்டிர்' என்றும் சேர்ப்பதே வழக்கம். ஜோனின் மகன் ஜோன்சொன். அவனுடைய பிள்ளைக்கு வேறு பெயர். நாட்டின் பிரதமரையும் முதற்பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். தந்தை பெயரை முன்னே வைத்து எழுதும் நமது வழக்கத்தை வெளிநாட்டு அலுவலகங்களிலே விளங்கப்படுத்திக் களைத்துப்போன எவருக்கும் ஐஸ்லாந்து சொந்த ஊர் போலத் தோன்றும்.

இரண்டாவது, அவர்களுடைய மொழி. புதிய பொருள் வந்தால் அதற்குத் தங்கள் பழைய வேர்களிலிருந்தே பெயர் ஆக்கிக்கொள்கிறார்கள். மின்சாரம் அவர்களுக்கு 'றப்மக்ன்'. அம்பரின் ஆற்றல் என்பது பொருள். தொலைபேசி 'சீமி', இழை எனப் பொருள்பட்ட, வழக்கிழந்திருந்த ஒரு பழஞ்சொல்லை எடுத்து உயிர்கொடுத்திருக்கிறார்கள். கணினி 'தோல்வா', எண் என்ற சொல்லையும் குறிசொல்லும் பெண் என்ற சொல்லையும் இணைத்துப் பிறந்தது அது. நான்கு இலட்சம் பேர்கூட இல்லாத ஒரு மக்கட்கூட்டம் இதைச் செய்கிறதென்றால், எண்ணிக்கை குறைவு என்பது மொழியைக் கைவிடுவதற்குக் காரணமாகாது என்று வகுப்பிலே நான் சொல்லலாமன்றோ?

மூன்றாவது, வாழ்முறை. நிலத்தடி வெந்நீரைக் குழாய்வழி கொண்டுவந்து பத்தில் ஒன்பது வீடுகளைச் சூடாக்குகிறார்கள். குளிக்கத் திறந்தால் கந்தக மணம் வரலாம், அது பழுதன்று. குளிர்நீர்க் குழாயிலே வரும் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். போத்தல் வாங்குவது வீண்செலவு. க்வேறகெர்தி என்னும் ஊரிலே அந்த வெப்பத்தைக் கொண்டு கண்ணாடி வீடுகளில் தக்காளியும், ஏன், வாழையுங்கூட வளர்க்கிறார்கள். மரக்கறி உண்பவனாகிய எனக்கு இந்தச் செய்தி ஆறுதல் தந்தது. ஆட்டிறைச்சியும் மீனும் முதன்மையான நாட்டிலே, தயிரை ஒத்த 'ஸ்கீர்' என்ற பாலுணவும் எனக்குத் துணைநிற்கும் என்று நம்புகிறேன்.

குதிரையையும் சொல்லவேண்டும். குடியேறிகளோடு கப்பலில் வந்த சிறிய, உறுதியான குதிரைகள் அங்கே இன்றும் உள்ளன. நோய் புகுந்துவிடாதபடி வேறு குதிரைகளை அந்நாட்டுக்குள் விடுவதில்லை. அங்கிருந்து ஒரு குதிரை வெளிநாடு போனால், போட்டிக்காகப் போனாலும், மறுபடி திரும்பி வரச் சட்டம் இடங்கொடாது. இதை நான் தமையனாருக்கு வாசித்துக் காட்டியபோது தொலைபேசியிலே சற்றுநேரம் பேச்சு வரவில்லை. "பாவம் அந்தக் குதிரை" என்றார் பிறகு.

இவ்வளவும் ஆனபின் எங்களிருவருக்குமிடையே ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. மோட்டார்க் காரொன்றை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டுவது தமையனாரின் விருப்பம். "முப்பது வருசமாப் பனியிலை கார் ஓடுறன். எனக்கு ஒரு வழிகாட்டி வேணுமே?" என்று கேட்டார். வழிகாட்டியோடு கூடிய சிறு குழுவாகப் போகவேண்டும் என்பது எனது கட்சி.

எனது நியாயங்கள் இவை. அந்நாட்டிலே ஆபத்து பனியில் மட்டும் இல்லை. திறந்த கார்க்கதவை முறித்துச் செல்லும் காற்றுண்டு. மணலைக் கிளப்பி வாகனத்தின் வர்ணத்தை உரித்துவிடும் புயலுண்டு. மேட்டுநிலத்துப் பாதைகளிலே பாலமில்லாத ஆறுகளை வாகனத்தோடு கடக்கவேண்டும். ஆற்றுநீரால் வரும் சேதத்தை வாடகைக் காரின் காப்புறுதி பொதுவாக ஏற்பதில்லை. தென்கரையிலே றெய்னிஸ்பியாரா என்ற கருமணற் கடற்கரை இருக்கிறது. செதுக்கி அடுக்கியது போன்ற கருங்கற்றூண்கள் நிற்கும் பேரழகான இடம். ஆனால் அமைதியாய் வந்துகொண்டிருக்கும் அலைகளுக்கு நடுவே திடீரென்று ஒன்று வெகுதூரம் ஏறிவந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போகும். எச்சரிக்கை விளக்குகள் வைத்த பின்னரும் 2025 ஓகஸ்டிலே ஒரு சிறுமி அங்கே உயிரிழந்தாள்.

எரிமலைகளோ கணக்கில் அடங்கா. 1783ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லாக்கி என்ற இடத்திலே பூமி பிளந்து எட்டு மாதங்கள் தீக்குழம்பையும் நச்சுப் புகையையும் கக்கியது. புல் நஞ்சாகி ஆடுமாடுகள் மடிந்தன. தொடர்ந்த பஞ்சத்திலே நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் இறந்தனர். 1973 ஜனவரியில் ஹெய்மே என்ற சிறு தீவிலே நள்ளிரவுக்குப் பின் நிலம் வெடித்தது. முதல்நாட் புயலினால் மீன்பிடி வள்ளங்களெல்லாம் துறைமுகத்துக்குள் நின்றபடியால், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அவற்றில் ஏறி அந்த இரவே தப்பினர். துறைமுகத்தை மூடவந்த எரிகுழம்பின் மீது கடல்நீரைப் பாய்ச்சி அதனை உறையவைத்துத் துறைமுகத்தைக் காத்தார்கள். 2010 ஏப்ரிலில் எய்யாபியாட்லயோக்குல் எழுப்பிய சாம்பல், ஐரோப்பாவின் விமானங்களை ஆறு நாட்களளவில் தரையில் நிறுத்தியது. அண்மையிலே, 2023 நவம்பர் 10ஆந் திகதி, கிரிண்டாவிக் என்னும் மீன்பிடி ஊரின் ஏறத்தாழ 3,800 பேரும் ஒரே இரவில் வெளியேற்றப்பட்டனர். அவ்வூருக்கு அருகே 2023 டிசம்பர் தொடக்கம் 2025 ஜூலை வரை ஒன்பது தடவை எரிமலை கக்கியது. 2024 ஜனவரியிலே எரிகுழம்பு ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. பன்னாட்டு விமான நிலையமும், பலரும் விரும்பிப் போகும் நீல வெந்நீர்க் குளமும் அதே தீபகற்பத்தில்தான் உள்ளன. அக்குளத்தின் வாகனத் தரிப்பிடத்தை 2024 நவம்பரிலே எரிகுழம்பு மூடிவிட்டது.

திட்டத்திலே ஒரு நாளை வெறுமையாக விடவேண்டும் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஒரு வீதி மூடப்படலாம்; காற்றினால் ஒரு பகல் முழுவதும் விடுதிக்குள் கிடக்க நேரிடலாம். வெறும் நாள் இல்லாத திட்டம், மூடிய வீதியிலே போகச்சொல்லி மனிதனைத் தள்ளும்.

தமையனார் எல்லாவற்றையும் கேட்டபின் ஒரேயொரு கேள்வி கேட்டார். "வழிகாட்டியோடை போனவையும் செத்திருக்கினமே தம்பி?"

அவர் கேட்டது நியாயம். 2024 ஓகஸ்ட் 25ஆந் திகதி, பிறெய்தாமெர்க்கூர் பனிக்கட்டியாற்றிலே பனிக் குகை பார்க்கப் போன குழுவின்மீது பனி இடிந்து விழுந்தது. ஓர் அமெரிக்கப் பயணி உயிரிழந்தார். அது வழிகாட்டிகளோடு போன குழு. கோடையிலே பனி உருகித் தளர்ந்திருக்கும். இயற்கையான பனிக் குகைக்குரிய காலம் குளிர்காலமே. பயணிகள் பணம் கட்டி வந்துவிட்டார்கள், அழைத்துப் போகத்தானே வேண்டும் என்ற நெருக்குதல் வழிகாட்டிக்கும் உண்டு. ஆகையால் வழிகாட்டி ஒருவர் இருக்கிறாரா என்று கேட்பது போதாது. இன்று போகமுடியாது என்று சொல்ல அவருக்கு அறிவும் அதிகாரமும் இருக்கின்றனவா என்று கேட்கவேண்டும். அப்படிச் சொல்லும்போது முகஞ்சுளிக்காத பயணிகளாக நாங்கள் இருக்கிறோமா என்று எங்களையும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இந்த விளக்கத்துக்குப் பின்தான் நாங்கள் உடன்பட்டோம். பயண ஏற்பாட்டாளர்களுக்கு நான்கு கேள்விகள் எழுதியனுப்பினோம். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பயணிகள்? பனிக்கட்டியாற்றில் நடத்திச் செல்பவர் அதற்கெனப் பயிற்சி பெற்றவரா? வீதி மூடப்பட்டால் அல்லது எரிமலை கக்கினால் மாற்றுவழி என்ன, கட்டிய பணத்துக்கு என்ன நடக்கும்? பயணத்தை நிறுத்தும் முடிவை யார் எடுப்பார், களத்தில் நிற்பவரா, அலுவலகத்தில் இருப்பவரா? சிலர் அழகான படங்களை அனுப்பினர். ஓர் அம்மையார் மட்டும் நான்குக்கும் ஒழுங்காகப் பதில் எழுதி, ஓகஸ்டில் பனிக் குகைக்குத் தாம் எவரையும் அழைத்துச் செல்வதில்லை என்றும் குறிப்பிட்டிருந்தார். இல்லை என்று எழுதிய அந்த ஒரு வரிக்காகவே அவரைத் தெரிந்தோம்.

கடைசியாக உரிப்பொருள். எதற்காகப் போகிறோம்? பிளந்த பாறைகளுக்கிடையே 930ஆம் ஆண்டிலே பொதுச்சபை கூடத்தொடங்கிய திங்வெத்லிர் வெளி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை வானோக்கிச் சீறும் ஸ்ட்றொக்கூர் வெந்நீரூற்று, குல்போஸ் நீர்வீழ்ச்சி, பனிமலைகள் மிதக்கும் யோக்குல்சார்லோன் ஏரி, இவை எல்லாருடைய திட்டத்திலும் உள்ளவை, எங்களுடையதிலும் உள்ளன. தலைநகரிலே ஓலைச்சுவடிகளைப் போல அவர்கள் போற்றும் தோற்சுவடிகளைப் பார்க்க அரை நாள் ஒதுக்கியிருக்கிறோம். பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளிலே கன்றுத்தோலில் எழுதப்பட்ட அச்சுவடிகளை ஆர்னி மக்னுசன் என்ற அறிஞர் வீடுவீடாய்த் தேடிச் சேர்த்தார். 1728ஆம் ஆண்டுக் கொப்பன்ஹேகன் பெருந்தீயில் அவருடைய அச்சு நூல்களில் பெரும்பகுதியும் சுவடிகளில் ஒரு பகுதியும் அழிந்தன. நூல்கள் எரிவது என்றால் என்ன என்று நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஐஸ்லாந்தின் சுவடிகளில் முதலிரண்டை டென்மார்க் 1971 ஏப்ரிலிலே கப்பலில் திருப்பி அனுப்பியபோது, அவற்றை வரவேற்க மக்கள் துறைமுகத்திலே திரண்டனர். ஒரு நாடு இரண்டு புத்தகங்களுக்காகத் துறைமுகத்திலே காத்து நின்றது.

ஆனால் எங்கள் பயணத்தின் உரிப்பொருள் வேறோரிடத்தில் இருக்கிறது. சாகாக்களிலே தலைசிறந்தது எனப் போற்றப்படுவது நியாலின் சாகா. தமையனார் அதனை நோர்வே மொழியில் வாசித்தார். நான் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். அதிலே குன்னார் என்னும் வீரனுக்கும் அவன் தம்பி கொல்ஸ்கெக்குக்கும் மூன்றாண்டு நாடு கடத்தல் விதிக்கப்படுகிறது. இருவரும் கப்பலேறக் குதிரையிற் போகின்றனர். வழியிலே குன்னாரின் குதிரை இடறுகிறது. இறங்கியவன் திரும்பித் தன் மலைச்சரிவையும் வயலையும் பார்க்கிறான். அவை இவ்வளவு அழகாய் முன்னொருபோதும் தோன்றவில்லை அவனுக்கு. போகமாட்டேன் என்று திரும்பிவிடுகிறான். தம்பி, கொடுத்த வாக்கை மீறேன் என்று கப்பலேறுகிறான். திரும்பியவன் தன் வீட்டிலேயே பகைவரால் கொல்லப்படுகிறான். போனவன் வெகுதூரம் சென்று கொன்ஸ்தாந்திநோப்பிளிலே படைத்தலைவனாகி, ஊரை மறுபடி காணாமலே இறக்கிறான். யார் செய்தது சரி என்று அந்தக் கதையை எழுதியவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

கதையிலே மூத்தவன் திரும்பினான், இளையவன் போனான். எங்கள் வீட்டிலே அது மாறி நடந்தது. அவர் போனதால் நாங்கள் வாழ்ந்தோம். நான் நின்றதால் பெற்றோர் தனித்திருக்கவில்லை. ஆயினும் போனவருக்கு நின்றவனிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது; நின்றவனுக்குப் போனவரிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக நாங்கள் அதைத் தொலைபேசியிலே கேட்டதில்லை. குன்னாரின் வீடிருந்த ஹ்லீதாறெந்தி என்னும் இடம், தென்கரைப் பெருவீதியிலிருந்து சற்று உள்ளே, சிறிய தேவாலயமொன்று நிற்கும் பசுஞ்சரிவிலே இருக்கிறது. அங்கே அரைமணி நேரம் நிற்கவேண்டும் என்று தமையனார் விரும்புகிறார். பயணக்குழுவின் வழியிலே அந்த இடம் இல்லை.

அந்த அம்மையாருக்கு இதை எழுதிக் கேட்டோம். வானிலையும் வீதியும் இடங்கொடுத்தால் வெறும் நாளிலே அங்கே அழைத்துப் போகிறேன், இடங்கொடாவிட்டால் மன்னிக்கவேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. அந்த நாளைத் திட்டத் தாளிலே பென்சிலாற் குறித்து வைத்திருக்கிறேன். விசா விண்ணப்பத்தை வரும் மாதம் கையளிக்கவேண்டும்.

நேயர்களே, உங்களில் எவரேனும் இந்தத் தூரநாட்டுக்கோ வேறொரு நாட்டுக்கோ புறப்பட எண்ணினால், பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலைப் பின்னர் எழுதுங்கள். முதலிலே பொழுதைத் தெரிந்து, ஒரு நாளை வெறுமையாக விட்டு, வேண்டாம் என்று சொல்லத் துணிந்த ஒரு வழிகாட்டியைத் தேடிக்கொள்ளுங்கள்.